முதலில் வந்தவரின் அணி ஏன் தோற்றது? அமெரிக்கப் பள்ளி கிராஸ் கன்ட்ரியின் கணக்கு

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உள்ளூர் விளையாட்டுச் செய்திகளில் ஒரு விதமான முடிவு வந்துகொண்டே இருக்கும். கிராஸ் கன்ட்ரி, அதாவது பூங்கா, புல்வெளி வழியாகச் சில கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில் ஒரு பள்ளி மாணவர் முதலில் வருகிறார். இரண்டாவது இடமும் அதே பள்ளிக்குத்தான். ஆனால் கோப்பை வேறு பள்ளிக்குப் போய்விடுகிறது. புள்ளியைப் பார்த்தால் இன்னும் குழப்பம்: வென்ற அணிக்கு 28, தோற்ற அணிக்கு 29.

அங்கே குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்த ஓட்டத்தில் சேர்கிறார்கள். பனி விலகாத சனிக்கிழமைக் காலையில் பூங்காவுக்குப் போய் நின்று பார்க்கும் பெற்றோருக்கு, யார் ஜெயித்தார்கள் என்பதே பல நேரம் புரிவதில்லை. கணக்கு தெரிந்துவிட்டால், கோச் ஏன் சாதாரண வேகத்தில் ஓடும் ஒரு பிள்ளையின் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார் என்பது வரை எல்லாம் புரிந்துவிடும். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

மூன்று பருவம், அதே பிள்ளைகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரையிலான வகுப்புகள். தொலைதூரம் ஓடும் மாணவருக்கு அங்கே ஓராண்டு மூன்று பருவமாகப் பிரியும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி. குளிர்காலத்தில், வசதி இருக்கும் மாநிலங்களில், கூரைக்கு அடியில் நடக்கும் தடகளம். வசந்தத்தில் தொடங்கிக் கோடை வரை திறந்தவெளித் தடகளம். பெரும்பாலும் ஒரே கோச்தான் மூன்றையும் பார்த்துக்கொள்கிறார். பல பள்ளிகளில் அவர் வரலாறோ உயிரியலோ நடத்தும் ஆசிரியர். மாலை மூன்று மணிக்கு மேல் விசிலை மாட்டிக்கொள்கிறவர்.

விதிகளை எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. போட்டிகளை நடத்துவது அந்தந்த மாநிலச் சங்கம். திறந்தவெளித் தடகளத்தில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்கிறார்கள். பெண் பிள்ளைகள் மிக அதிகமாகச் சேரும் விளையாட்டும் அதுதான்.

கிராஸ் கன்ட்ரிக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. கூடைப்பந்து, கால்பந்து போல ஆள் எடுத்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது இங்கே அரிது. வந்தவர்கள் எல்லாரும் ஓடலாம். பள்ளியின் சிறந்த ஏழு பேர் வர்சிட்டி, அதாவது முதல் அணி. மற்றவர்கள் ஜேவி என்ற இரண்டாம் அணி. எந்தப் பந்து விளையாட்டிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்கு இங்கே சீருடை கிடைக்கும். எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் மரியாதைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

1. ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் ஏழு பேர் ஓடுவார்கள்.

2. அந்த ஏழு பேரில் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்கள் மட்டுமே கணக்கில் சேரும். மூன்றாவதாக வந்தால் 3 புள்ளி, நாற்பதாவதாக வந்தால் 40 புள்ளி.

3. ஐந்தையும் கூட்டினால் வருவதுதான் அணியின் புள்ளி. குறைவாக எடுத்தவருக்கே வெற்றி.

4. ஐந்து பேர் ஓடி முடிக்காவிட்டால் அந்த அணிக்குப் புள்ளியே கிடையாது. நான்கு பேர் முதல் நான்கு இடங்களைப் பிடித்திருந்தாலும் சரி, ஐந்தாமவர் மயங்கி உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் வேறு ஆள் இல்லையென்றால் அணி பட்டியலிலேயே இருக்காது.

5. இரண்டு அணிகள் சமமாக வந்தால், எந்த அணியின் ஆறாவது ஆள் முன்னால் வந்தாரோ அந்த அணி வெல்லும்.

முதல் ஐந்து இடங்களையும் ஒரே பள்ளி பிடித்தால் 1+2+3+4+5 என்று 15 வரும். இதற்குக் கீழே போகவே முடியாது. அதை முழுமையான புள்ளி என்பார்கள்.

நம் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்து, முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று கொடுத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். தலைகீழ்தான். அங்கே முதல் மூவருக்குப் பின்னால் வருகிறவர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். இங்கே ஐந்தாவது ஆள் 60-ஆவது இடத்திலிருந்து 50-ஆவது இடத்துக்கு முன்னேறினால், அவர் அணிக்குப் பத்துப் புள்ளி மிச்சம். முதலில் வந்தவர் எவ்வளவு தூரம் முன்னால் வந்தாலும் அவருடைய எண் 1-தான். ஒரு விநாடியில் ஜெயித்தாலும் 1, ஒரு நிமிடத்தில் ஜெயித்தாலும் 1.

கணக்கில் சேராத இருவர் ஜெயிக்கவைப்பது எப்படி

முதலில் சொன்ன 28-29 முடிவுக்கு வருவோம். நீலப் பள்ளி, சிவப்புப் பள்ளி என்று இரண்டு அணிகள். இரண்டிலும் ஏழேழு பேர், ஆக 14 பேர் ஓடுகிறார்கள்.

நீலம் பிடித்த இடங்கள்: 1, 2, 6, 8, 12. அதன் ஆறாவது, ஏழாவது ஆட்கள் 13, 14.
சிவப்பு பிடித்த இடங்கள்: 3, 4, 5, 7, 9. அதன் ஆறாவது, ஏழாவது ஆட்கள் 10, 11.

நீலத்தின் ஐந்து இடங்களையும் கூட்டினால் 29. சிவப்புக்கு 28. சிவப்பு வென்றது.

இப்போது சிவப்பின் கடைசி இருவரைப் பாருங்கள். 10-ஆவதும் 11-ஆவதும் வந்தார்கள். அந்த இடங்கள் சிவப்பின் 28-இல் எங்கேயும் இல்லை. ஆனால் அந்த இருவரும் ஓடாமல் இருந்திருந்தால் நீலத்தின் ஐந்தாவது ஆள் 12-ஆவதாக அல்ல, 10-ஆவதாக வந்திருப்பார். நீலத்தின் புள்ளி 27 ஆகியிருக்கும். கோப்பை நீலத்துக்குப் போயிருக்கும்.

அதாவது, தங்கள் அணிக்கு ஒரு புள்ளியும் சேர்க்காத இருவர், எதிரணியின் ஐந்தாவது ஆளை இரண்டு இடம் பின்னால் தள்ளியே பந்தயத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டார்கள். இவர்களை ஆங்கிலத்தில் டிஸ்ப்ளேசர் என்பார்கள். தள்ளிவிடுகிறவர் என்று சொல்லலாம். ஐந்தில் ஒருவர் வழுக்கி விழுந்தாலோ, தகுதிநீக்கம் ஆனாலோ, ஆறாவது ஆள்தான் ஐந்தாவது ஆளாக உள்ளே வருவார். ஆகவே அவர் காப்பீடும்கூட.

பந்தயம் முடிந்ததும் ஆறாவதும் ஏழாவதும் ஓடிய பிள்ளைகள் பல நேரம் தலை குனிந்து வருவார்கள். 'நான் கணக்கிலேயே வரலை' என்பார்கள். நல்ல கோச் அப்போதே ஒரு தாளை எடுத்து இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டிவிடுவார்.

முன்பெல்லாம் இந்தக் கூட்டல் கையிலேயே நடந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகலான பாதைக்குள் பிள்ளைகள் வந்த வரிசை மாறாமல் நடக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்தபடி வருவார்கள். பாதையின் கடைசியில் நிற்பவர் ஒவ்வொரு கையிலும் எண் எழுதிய அட்டையோ ஐஸ் குச்சியோ கொடுப்பார். கோச் தன் பிள்ளைகளிடமிருந்து ஐந்து குச்சிகளை வாங்கிக் கூட்டினால் முடிவு தெரிந்துவிடும். இப்போது மார்பில் குத்தும் எண் தாளிலோ காலணியிலோ மின்னணுச் சில்லு இருக்கிறது. கூட்டல் மட்டும் அதேதான்.

12-ஆவதாக வந்தவருக்கு 8 புள்ளி: பாரிஸ், 1924

பெரிய போட்டிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. பிள்ளை 12-ஆவதாக வந்தான் என்று கண்ணால் பார்த்திருப்போம். அணிக் கணக்கில் 8 என்று இருக்கும். காரணம் எளிது. முழு அணியாக வராமல் தனியாக ஓடுகிறவர்களும் அந்தப் பந்தயத்தில் இருப்பார்கள். அணிக் கணக்குப் போடும்போது அவர்களை எடுத்துவிட்டு, மீதி இருப்பவர்களுக்கு மறுபடி 1, 2, 3 என்று இடம் கொடுப்பார்கள்.

இதற்கு மறக்கவே முடியாத உதாரணம் ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 1912, 1920, 1924 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரியும் இருந்தது. 1924 ஜூலையில், கடும் வெயிலில், பாரிஸுக்கு அருகே நடந்த பந்தயத்தில் 38 பேர் புறப்பட்டார்கள். ஓடி முடித்தவர்கள் 15 பேர். பலர் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். அங்கே அணிக்கு மூன்று பேர் கணக்கு. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலில் வந்தார். வில்லே ரிட்டோலா இரண்டாவது. அதுவும் பின்லாந்துதான். ஆனால் மூன்றாவது ஆள் வந்து சேராவிட்டால் அணிப் பதக்கம் இல்லை.

அந்த மூன்றாவது ஆள் ஹெய்க்கி லீமத்தாய்னன். அரங்கத்துக்குள் வந்தவர் வெயிலில் புத்தி தடுமாறி, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டார். ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவே தொடங்கிவிட்டார். பார்வையாளர்கள் கத்திய பிறகுதான் மெல்ல நடந்து கோட்டைத் தாண்டினார். அவர் இடம் 12. தனியாக முடித்தவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 8. ஆக பின்லாந்துக்கு 1+2+8 என்று 11 புள்ளி. அமெரிக்காவுக்கு 14, பிரான்சுக்கு 20. மூன்று ஆள் ஓடி முடித்த நாடுகளே அந்த மூன்றுதான். நூர்மியின் தங்கத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அணித் தங்கம் அந்தத் தள்ளாடிய மனிதரின் காலில் இருந்தது.

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி நடக்கவில்லை.

கோச்சின் கண் ஏன் ஐந்தாவது ஆள் மேல்

இருநூறு பேர் ஓடும் ஒரு பெரிய போட்டியை எண்ணிப் பாருங்கள். புறப்படும்போது எல்லாரும் ஒரே கூட்டம். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் முன்னால் ஐந்தாறு பேர் பிரிந்துபோவார்கள். கடைசியிலும் சிலர் சிதறி ஓடுவார்கள். நடுவில்தான் நெரிசல். ஒருவர் குதிகாலை இன்னொருவர் மிதிக்கும் அளவுக்கு நெருக்கமாக நூறு பேருக்கு மேல் இருப்பார்கள்.

முன்னால் ஓடும் பிள்ளை பத்து விநாடி வேகமாக முடித்தால் ஒன்றிரண்டு இடம் முன்னேறலாம். ஏற்கெனவே முதல் இடத்தில் இருந்தால் அதுவும் இல்லை. நடுவில் ஓடும் பிள்ளை அதே பத்து விநாடியைக் குறைத்தால்? விநாடிக்கு இரண்டு பேர் கோட்டைத் தாண்டும் இடத்தில் அவர் இருபது பேரைக் கடந்துவிடுவார். அணிக்கு இருபது புள்ளி மிச்சம்.

ஐந்து கிலோமீட்டரை 15 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிற நட்சத்திரத்திடமிருந்து பத்து விநாடியைப் பிடுங்குவது பெரும்பாடு. 18 நிமிடத்தில் ஓடுகிற பிள்ளையிடம் ஒரு பருவத்தில் முப்பது விநாடியைக்கூட எடுத்துவிடலாம். ஒழுங்காகத் தூங்கி, கோடை முழுக்க ஓடியிருந்தாலே போதும். ஆகவே கோச்சின் உழைப்புக்கு அதிகப் பலன் கிடைக்கும் இடம் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகள். இதிலிருந்து நேரே மூன்று விளைவுகள் வருகின்றன.

1. கோச் பேசும் முக்கிய எண் 'ஸ்ப்ரெட்', அதாவது அணியின் முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையே உள்ள நேரம். முதல் ஆளின் வேகம் குறையாமல் அந்த இடைவெளி சுருங்கினால் அணி பலப்படுகிறது என்று பொருள்.

2. பந்தயத்தில் பிள்ளைகளைச் சேர்ந்து ஓடச் சொல்கிறார்கள். 'பேக்' என்பது இதுதான். மூன்று, நான்கு, ஐந்தாவது பிள்ளைகள் ஒரே சீருடையில் தோளோடு தோள் ஓடும்போது, ஒருவர் தளர்ந்தால் மற்றவர் இழுத்துப்போவார். எதிரணிப் பிள்ளையைத் தாண்டும்போதும் ஒன்றாகவே தாண்டுவார்கள். தாண்டப்பட்ட பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று இடம் போகும்.

3. வெற்றி கோடையிலேயே முடிவாகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பள்ளி இல்லாத மாதங்களில், யாரும் பார்க்காதபோது அந்த நடுத்தரப் பிள்ளைகள் ஓடினார்களா என்பதுதான் அக்டோபரில் தெரியும். முதல் ஆளைத் தூண்ட வேண்டியதில்லை, அவர் எப்படியும் ஓடுவார். ஐந்தாவது ஆளை ஓடவைப்பதுதான் கோச்சின் வேலை.

இலினாய் மாநிலத்தில் எல்ம்ஹர்ஸ்ட் ஊரின் யார்க் பள்ளி இதற்குப் பெயர்போனது. ஜோ நியூட்டன் அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கோச்சாக இருந்து 28 மாநிலப் பட்டங்களை வென்றார். அவர் அணியில் பல ஆண்டுகள் 150, 200 பையன்கள் இருந்தார்கள். கணக்கில் சேர்வதோ ஐந்தே பேர். மற்றவர்கள் எதற்கு என்று கேட்டால், அந்த 150 பேரிலிருந்துதான் அடுத்த ஆண்டின் ஐந்தாவது ஆள் வருவான் என்பதே பதில். ஒவ்வொரு பையனின் பெயரும் அவருக்குத் தெரியும், பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து அனுப்புவார். நைக்கி நிறுவனம் 2004-இல் பள்ளி அணிகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியபோது ஆண்கள் பிரிவில் முதல் பட்டம் வென்றதும் யார்க் பையன்கள்தான்.

கலிபோர்னியாவின் மெக்பார்லண்ட் இன்னொரு விதம். கெர்ன் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகள், விடிவதற்கு முன் பெற்றோரோடு வயலில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள். ஜிம் வைட் என்ற கோச்சின் கீழ் 1987 முதல் 2001 வரை ஒன்பது முறை மாநிலப் பட்டம் வென்றார்கள். பணம் வேண்டாம், மைதானம் வேண்டாம், ஒன்றாக ஓடும் ஏழு பேர் இருந்தால் போதும் என்பது இந்த விளையாட்டில் வெறும் பேச்சு அல்ல. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பெண்கள் பிரிவில் நியூயார்க் மாநிலத்தின் பயட்வில்-மேன்லியஸ் பள்ளி 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு முறை நைக்கி போட்டியை வென்றது. கோச் பில் ஏரிஸ். ஆனால் முடிவுப் பட்டியலில் அவர்கள் 'மேன்லியஸ்' என்ற கிளப் பெயரில்தான் இருப்பார்கள். காரணம், தேசியக் கூட்டமைப்பு விதிகளை எழுதுகிறதே தவிர, தேசியப் போட்டி எதையும் நடத்துவதில்லை. மாநிலப் போட்டியோடு பள்ளிப் பருவம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது தனியார் போட்டி என்பதால் பள்ளியின் பெயரில் ஓட முடியாது. 1979-இல் தொடங்கி, நெடுங்காலம் பூட் லாக்கர் பெயரில் அறியப்பட்ட போட்டி தனிநபருக்கானது. நைக்கியின் போட்டிதான் அணிகளை மையமாக வைத்து வந்தது.

இந்தக் கணக்கு பிள்ளைகளின் உடம்பில் எழுதப்படும்போது

ஐந்தாவது ஆள் இன்றியமையாதவர் என்றால், அவருக்குக் காலில் வலி வந்தால் என்ன ஆகும்? இந்த விளையாட்டில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம் இது. நட்சத்திரம் வலி என்றால் எல்லாரும் கவனிப்பார்கள். நடுத்தரப் பிள்ளையோ 'என்னால அணி தோத்துடக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும். முன்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். முதலில் ஓடும்போது மட்டும் வலி, பிறகு நடக்கும்போதும் வலி, அப்புறம் விரலால் ஒரே இடத்தைத் தொட்டாலே சுருக்கென்று வலி. அந்தக் கட்டத்தில் ஓய்வு தவிர வேறு மருந்து இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற அளவு சாப்பிடாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டே வரும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றேபோகும், எலும்பு மெலியும், அடிக்கடி சளி பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தது. ஆண்களுக்கும் இது வரும். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துகொண்டால், நன்றாகப் பயிற்சி செய்தும் நேரம் மட்டும் மோசமாகிக்கொண்டே போகும். அப்போது இன்னும் அதிகமாக ஓடு என்று சொல்வது தவறு. இரத்தப் பரிசோதனை செய்து, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 14 வயதில் பறந்த பெண் பிள்ளை 16 வயதில் மெதுவாகலாம். அது சோம்பேறித்தனம் அல்ல. உடம்பு பெண்ணாக வளர்கிற காலம். இடுப்பு அகலமாகிறது, எடை கூடுகிறது, தசை அதற்கு ஈடுகொடுக்க ஓரிரு ஆண்டு எடுக்கும். அந்த நேரத்தில் எடையைப் பற்றி கோச் சொல்லும் ஒரே ஒரு வார்த்தை ஒரு பிள்ளையின் சாப்பாட்டையே மாற்றிவிடும். பள்ளிப் பிள்ளையின் எடையைப் பற்றி கோச் பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாப்பாடு, தூக்கம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

விதிப் புத்தகத்தில் மனதைச் சங்கடப்படுத்தும் ஒரு விதியும் முன்பு இருந்தது. வழியில் விழுந்த பிள்ளையை இன்னொரு பிள்ளை தூக்கி நிறுத்தி முடிவுக் கோட்டுக்கு நடத்திப்போனால், உதவியவருக்கும் தகுதிநீக்கம் கிடைத்தது. பத்திரிகையில் இந்தச் செய்தி வந்தபோதெல்லாம் மக்கள் கொதித்தார்கள். விதியின் நோக்கம், அணிப் புள்ளிக்காகத் தோழரைத் தோழர் இழுத்துப்போகாமல் தடுப்பது. மயங்கியவரை அசைக்கக் கூடாது, மருத்துவர் வரட்டும் என்பதும் ஒரு நியாயம். ஆனாலும், முன்பின் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளைக்குக் கைகொடுத்தவரை, விளைவு தெரிந்தே கைகொடுத்தவரை, நான் குறை சொல்ல மாட்டேன்.

வசந்தம் வந்ததும் கணக்கு தலைகீழாகிறது

தடகளத்தில் புள்ளி அதிகம் எடுத்தவர் வெல்கிறார். பல பெரிய போட்டிகளில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று கொடுப்பார்கள். ஒன்பதாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. இங்கே நட்சத்திரம்தான் ராஜா. ஒரே பிள்ளை 1600 மீட்டரையும் 3200 மீட்டரையும் வென்றால் 20 புள்ளி. கிராஸ் கன்ட்ரியில் அணியைத் தூக்கி நிறுத்திய ஐந்தாவது ஆள் இங்கே ஒரு புள்ளியும் எடுக்காமல் பருவத்தையே முடிக்கலாம்.

ஒரு மாணவர் ஒரு போட்டியில் தொடர் ஓட்டங்களையும் சேர்த்து நான்கு நிகழ்வுகளுக்கு மேல் பங்கேற்க முடியாது. ஆகவே யாரை எதில் இறக்குவது என்பது சதுரங்கம் மாதிரி ஆகிவிடும். 4×800 மீட்டர் தொடர் ஓட்டத்தில் காலையில் ஓடவைத்தால் மாலையில் 3200-க்கு அந்தக் கால் இருக்குமா? நட்சத்திரத்தை எல்லாவற்றிலும் இறக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளும் கோச்தான் அந்தப் பிள்ளையை 12-ஆம் வகுப்பு வரை முழு உடம்போடு கொண்டுபோகிறார்.

அது என்ன 1600 மீட்டர் என்று கேட்பவர்கள் உண்டு. ஒலிம்பிக்கில் 1500 மீட்டர்தானே? பழைய அமெரிக்க ஓடுதளம் ஒரு சுற்று 440 கெஜம். நான்கு சுற்று ஓடினால் சரியாக ஒரு மைல், அதாவது 1609.34 மீட்டர். தளங்கள் 400 மீட்டருக்கு மாறியபோது பள்ளிகள் நான்கு சுற்றை விடவில்லை. அப்படித்தான் 1600 வந்தது. மைலைவிட 9.34 மீட்டர் குறைவு.

இதனால்தான் '3 நிமிடம் 59 விநாடியில் 1600 ஓடிய மாணவர் நான்கு நிமிட மைலை உடைத்தார்' என்று எழுதுவது தவறு. அந்த வேகத்தில் மீதி 9.34 மீட்டருக்குச் சுமார் 1.4 விநாடி ஆகும். 3 நிமிடம் 59-ஐ மைலாக்கினால் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிடும்.

உண்மையான மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் பள்ளி மாணவர் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஈஸ்ட் பள்ளியைச் சேர்ந்த ஜிம் ரயன். 1964 ஜூனில் காம்ப்டன் நகரில் 3 நிமிடம் 59.0 விநாடி. அந்தப் பந்தயத்தில் அவருடைய இடம் எட்டாவது! பெரியவர்களோடு ஓடிய பந்தயம் அது. மறு ஆண்டே 3 நிமிடம் 55.3 விநாடிக்கு வந்தார். அந்தப் பள்ளிச் சாதனை 36 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2001 மே மாதம் யூஜீன் நகரில் வர்ஜீனியாவின் ஆலன் வெப் 3 நிமிடம் 53.43 விநாடியில் ஓடி அதை முறியடித்தார்.

தடகளத்தில் இப்படி ஒரு நேரத்தை 36 ஆண்டு கழித்தும் இன்னொரு நேரத்தோடு ஒப்பிடலாம். கிராஸ் கன்ட்ரியில் போன வாரத்தோடுகூட ஒப்பிட முடியாது. நியூயார்க்கின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் பள்ளிப் பந்தயம் இரண்டரை மைல். கலிபோர்னியாவில் மூன்று மைல் வழக்கம். பல மாநிலங்களில் ஐந்து கிலோமீட்டர். மூன்று மைலுக்கும் ஐந்து கிலோமீட்டருக்கும் 172 மீட்டர் வித்தியாசம். 16 நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது அரை நிமிடத்துக்கு மேல். மழை பெய்து புல்வெளி சேறானால் எல்லாருக்குமே நேரம் கூடிவிடும். 'என் பிள்ளை போன வாரத்தைவிட நாற்பது விநாடி மெதுவாக ஓடினான்' என்று வருந்தும் முன், மற்றவர்கள் எவ்வளவு மெதுவாக ஓடினார்கள் என்று பார்க்க வேண்டும்.

முடிவுத் தாளைப் படிக்கும் முறை

1. தனிநபர் பட்டியலில் இரண்டு இடங்கள் இருக்கலாம். ஒன்று கோட்டைத் தாண்டிய இடம். இன்னொன்று தனியாக ஓடியவர்களை நீக்கிய பிறகு வரும் அணி இடம். கூட்ட வேண்டியது இரண்டாவதை.

2. அணிப் பட்டியலில் ஒரு பள்ளியின் பெயருக்கு எதிரே 3, 4, 5, 7, 9 என்று வந்து, பிறகு (10), (11) என்று அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். அடைப்புக்குள் இருப்பவர்கள் ஆறாவதும் ஏழாவதும்.

3. ஐந்து எண்களில் கடைசி எண்ணை மட்டும் எல்லா அணிகளுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பை யாருக்குப் போனது என்பது பாதி நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

4. அந்தக் கடைசி எண்ணுக்குச் சற்று மேலே, எதிரணியின் அடைப்புக்குள் இருக்கும் எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நீலப் பள்ளியின் 12-க்கு மேலே சிவப்பின் (10), (11) நிற்கிறதே, அதுபோல.

பந்தயத்தை நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முடிவுக் கோட்டில் நிற்காதீர்கள். அதற்கு நானூறு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். முதல் பிள்ளை போனதும் கூட்டம் கோட்டுப் பக்கம் ஓடும், நீங்கள் அங்கேயே இருங்கள். கோச் அங்கேதான் நிற்பார். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். ஐந்தாவது சீருடை வரும்போது அவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, முன்னால் இன்னும் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று கத்துவார்.